இரவல் நாற்காலி

டுபாய்ஸ் 1903இல் வெளியிட்ட 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' நூலில் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. டென்னசி நாட்டுப்புறத்தில், கர்னல் ஒருவர் சோளம் போட்டு வைத்திருந்த மரக்கட்டைக் குடிசை. கதவு இல்லை. வாத்தியார் உட்காரும் நாற்காலிகூட இரவல். தினம் ராத்திரி வீட்டுக்காரம்மாவிடம் திருப்பிக் கொடுக்கணும். வேலை கேட்டுப் போன அன்று அதிகாரி வீட்டில் சாப்பாடு. வெள்ளையர்கள் முதலில் சாப்பிட்டார்கள். இவர் பிறகு, தனியாக. எனக்கு அது நம்மூர்ப் பந்தியாகத்தான் பட்டது.

பத்து வருசம் கழித்துப் போகிறார். குடிசையைக் காணோம், பலகைக் கட்டடம் நிற்கிறது. இதைப் பழைய நினைவின் ஏக்கம் என்று வாசிப்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அவர் துக்கம் குடிசைக்கல்ல. படிக்க ஆசைப்பட்டு, உழைத்தே செத்த ஜோசிக்கு.

1912 முதல் 1932 வரை ரோசன்வால்ட் நிதியுதவியில் தென்மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. கறுப்பு மக்கள் வரியும் கட்டி, அதற்கு மேல் நிலமும் காசும் உடலுழைப்பும் கொடுத்தார்கள். 2002இல் அவை அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்ந்தன. காப்பாற்றட்டும். ஆனால் வர்ணம் அடித்து, கொடையாளி பேரை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு.

எங்க சேரிப் பள்ளிக்கூடமும் ஒத்தை அறைதான். இடித்தபோது அத்தை கேட்டது: "செவுரு போனாப் போவுது. மண்ணு சொமந்தவங்க பேரு எங்கடா?"

அதை எழுதுவதுதான் நம் பாதுகாப்பு வேலை.