லுக்குட்டிலிருந்து இயற்பியல் பட்டத்திற்கு: இரு வழிகளின் தகுதி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில லுக்குட் வட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து இயற்பியல் இளநிலைப் பட்டத்தை நாடும் மாணவர், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின், பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம் என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்கிறது. இடம் கிடைக்குமா என்பதைப் பற்றியே வீடுகளில் பேசப்படுகிறது. பட்டப்படிப்பைத் தாங்கும் அடித்தளத்தை எது தருகிறது என்பது அரிதாகவே எழும் கேள்வி.

மெட்ரிகுலேஷன் பெரும்பாலோருக்கு ஓராண்டிலேயே முடிகிறது. விடுதியும் உதவித்தொகையும் கிடைக்கின்றன. 2003 முதல் பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) அல்லாதாருக்கு ஒதுக்கப்பட்ட 10 விழுக்காட்டுக்குள் இடம் பெறுவதே பெரிதாக இருப்பதாலும், செம்பனைத் தோட்டக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஓராண்டுச் செலவு மிச்சமாவது சிறிய செய்தியன்று என்பதாலும், அதை நாடுவோரைக் குறைகூற இயலாது. ஆயினும் இயக்கவியல் தொடங்கி அணுக்கரு வரையிலான பாடம் இரண்டே பருவங்களில் அடைக்கப்படும்போது, சூத்திரத்தில் எண்ணை இட்டு விடை காண்பதே இயற்பியல் என்ற எண்ணம் மாணவரிடம் வேரூன்றிவிடுகிறது.

ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவங்களாக நடைபெறுகிறது: முதலில் இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும், அடுத்து மின்னியலும் காந்தவியலும், இறுதியில் அலைகள், ஒளியியல், குவாண்டம், அணுக்கரு இயற்பியல். ஒன்றரை ஆண்டு நீள்வதால், ஒரு கருத்தை நிறுவி, ஆய்வுக்கூடத்தில் அளந்து, பிழையையும் மதிப்பிட்டுப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது. முந்தைய ஆண்டு வினாத்தாள்களை மனப்பாடம் செய்யும் வழக்கம் இங்கும் உண்டு என்பதையும், போதிய மாணவர் சேராத பள்ளியில் இயற்பியல் பிரிவே நடைபெறாது போகலாம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தமிழ்ப்பள்ளி, மலாய்மொழி இடைநிலைப்பள்ளி, ஆங்கிலம் மேலோங்கிய பல்கலைக்கழக நூல்கள் என இருமுறை மொழி மாறுவதே தடை என்போர் பாதி உண்மையையே சொல்கின்றனர். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, 2009இல் அம்முடிவு கைவிடப்பட்டதால் குழப்பம் நேர்ந்தது மெய்யே. ஆனால் பட்டப்படிப்பில் மாணவரை உண்மையில் திணறவைப்பது வகையீட்டுச் சமன்பாடுகள், அதாவது ஒன்றன் மாறும் வீதத்தைக் கொண்டு அதனையே கண்டறியும் சமன்பாடுகள்தாம். அவற்றை எம்மொழியில் படித்தாலும் பொறுமையான பயிற்சியே கைவசப்படுத்தும்.

ஆகவே, பொறியியலையோ மருந்தியலையோ குறிவைப்போருக்கு மெட்ரிகுலேஷன் போதுமானதாகலாம். இயற்பியலையே பட்டமாகக் கொள்ள விழையும் மாணவருக்கு ஆறாம் படிவமே தகுந்தது என்பதைத் தோட்டப்புறங்களில் கல்வி வழிகாட்டல் நடத்துவோர் தயங்காமல் எடுத்துரைக்க வேண்டும்.