முகம் காட்டாத குதிரைக்காரன்

சென்னை கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களிடம் ‘விடாது கருப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் குதிரைக் குளம்புச் சத்தத்தைத்தான் சொல்வார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசைக் கதை அது.

அன்றைய டிவி சின்னப் பெட்டி. திரையும் கிட்டத்தட்டச் சதுரம். தூரத்து ஷாட் வைத்தால் ஆள் எறும்பாகிவிடுவார். அதனால் பயத்தைத் துண்டு துண்டாகத்தான் பரிமாற முடியும். குதிரையின் கால் ஒரு ஷாட், ஓங்கிய அரிவாள் ஒரு ஷாட், பார்த்தவரின் விரிந்த கண் ஒரு ஷாட். குதிரையில் வந்தவர் முகம் மட்டும் வராது. துண்டுகளை ஒட்டி முழு உருவம் செய்வது நம் வேலை. நாம் செய்த உருவம் எந்த மேக்கப்பையும் விடக் கொடூரமாக இருக்கும்.

இன்னொரு வித்தை, ஷாட்டை வெட்டாமல் நீட்டுவது. இருட்டில் ஒருவர் நடக்க, கேமரா முதுகுக்குப் பின்னாலேயே போனால், ‘இது யாருடைய பார்வை?’ என்று வயிறு கலங்கும். பதில் வருமுன் ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் வரை தெருவே துப்பறியும். இன்று வெப் சீரிஸ் முழுவதையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடிக்கலாம், ட்ரோன் ஷாட்டும் தாராளம். என்றாலும் முகத்தைச் சீக்கிரம் காட்டிவிட்டால் எந்த ட்ரோனாலும் காப்பாற்ற முடியாது.