எந்த ஸ்கேன்? சிறுநீரகக் கல்லும் ஓர் ஆய்வின் முடிவும்

நம் பேச்சு வழக்கில் "ஸ்கேன்" என்ற ஒரே சொல் மூன்று கருவிகளைக் குறிக்கிறது. கர்ப்பிணிக்கு எடுப்பதும் ஸ்கேன். தலையில் அடிபட்டவருக்கு எடுப்பதும் ஸ்கேன். முதுகுத் தண்டுக்கு எடுப்பதும் ஸ்கேன்தான். முதலாவதில் வேலை செய்வது கேளா ஒலி. இரண்டாவதில் எக்ஸ் கதிர். மூன்றாவதில் காந்தப் புலமும் ரேடியோ அலைகளும். இயற்பியல் மாணவருக்கு இவை மூன்று வெவ்வேறு பாடங்கள். நோயாளிக்கு மட்டும் ஒன்றாகிவிட்டன.

பல சமயங்களில் இக்குழப்பத்தால் தீங்கில்லை. சிறுநீரகக் கல் வலியோடு இரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது அப்படியல்ல. ஆத்தூர், செம்பட்டி, சின்னாளப்பட்டி வட்டாரத்தில் வெயிலில் நாளெல்லாம் உழைப்பவர்கள் பலர். வியர்வை மிகுதி, குடிக்கும் நீர் குறைவு என்றால் சிறுநீர் செறிவாகிக் கல் உண்டாக இடமுண்டு. விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் அந்த வலியால் துடிப்பவரிடம் "ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்பார்கள். எந்த ஸ்கேன் என்று கேட்பவர் எத்தனை பேர்?

இக்கேள்விக்கு விடை தேடிய ஓர் ஆய்வு 2014 செப்டம்பரில் "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்" இதழில் வெளிவந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ரெபெக்கா ஸ்மித்-பைண்ட்மனும் குழுவினரும் நடத்தியது. "கல்லுக்கு சி.டி. தேவையில்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று அதைச் சுருக்கிச் சொல்வோர் உண்டு. ஆய்வு சொன்னது அதுதானா என்று பார்ப்போம்.

கல்லைக் காணும் இரு வழிகள்

எக்ஸ் கதிரைப் பொருள்கள் உட்கவரும் அளவு அணு எண்ணைப் பொறுத்தது. நம் தசையில் நிறைந்துள்ள கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் அணு எண்கள் 6, 7, 8. கால்சியத்தின் அணு எண் 20. ஆகவே கால்சியக் கல் சாதாரண எக்ஸ்ரே படத்திலேயே பெரும்பாலும் வெள்ளையாகத் தெரியும். யூரிக் அமிலக் கல்லில் கால்சியம் இல்லை. சாதாரணப் படத்தில் அது தப்பிவிடும். சி.டி. கருவியோ பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, கணிப்பொறியால் கணக்கிட்டு, மிகச் சிறு வேறுபாட்டையும் பிரித்துக் காட்டுகிறது. அதில் யூரிக் அமிலக் கல்லும் அகப்படும். இக்கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், அதன் கணிதத்தை வகுத்த கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதற்கு விலை உண்டு. வழக்கமான வயிற்று சி.டி. ஒன்றில் உடல் பெறும் கதிரளவு சுமார் 10 மில்லிசீவர்ட். மண், விண்வெளி முதலிய இயற்கை மூலங்களிலிருந்து நாம் ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். ஏறத்தாழ நான்கு ஆண்டுக் கதிர் சில நொடிகளில் வந்துசேர்கிறது. ஒரு முறை எடுப்பதால் வரும் ஆபத்து சிறிதுதான். ஆனால் கல் திரும்பத் திரும்ப வரும் நோய். இளம் வயதிலேயே தொடங்கவும் கூடும். ஒவ்வொரு வலிக்கும் ஒரு சி.டி. என்றால் கணக்கு கூடிக்கொண்டே போகும்.

கேளா ஒலிக்கு இக்கவலை இல்லை. 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி திசுவில் நொடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். அலைநீளம் சுமார் 0.44 மில்லிமீட்டர். கல்லில் பட்டுத் திரும்பும் எதிரொலி பளிச்சென்று தெரியும்; கல்லுக்குப் பின்னே நிழல் விழும். ஆனால் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய் குடலுக்குப் பின்னால் மறைந்துள்ளது. குடலிலுள்ள காற்று ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே குழாயின் நடுவே சிக்கிய கல் பல சமயம் தெரியாது. எனினும் அடைப்பினால் சிறுநீர் தேங்கி வீங்கிய சிறுநீரகம் தெரியும். கல்லைக் காணாவிட்டாலும் கல்லின் வேலையைக் காணலாம்.

ஆய்வின் வலிமை

அமெரிக்காவில் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 2,759 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் மூன்று பிரிவாக்கினர். முதல் பிரிவினருக்கு அவசர சிகிச்சை மருத்துவரே படுக்கையருகில் கேளா ஒலிச் சோதனை செய்தார். இரண்டாம் பிரிவினருக்குக் கதிரியல் துறையில் அதே சோதனை. மூன்றாம் பிரிவினருக்கு சி.டி.

கல்லைக் கண்டுபிடிக்கும் திறனில் சி.டி.யே வென்றது: கல் இருந்தவர்களுள் 88 விழுக்காட்டினரிடம் அதைக் காட்டியது. கேளா ஒலி முதல் பிரிவில் 54, இரண்டாம் பிரிவில் 57 விழுக்காடுதான். ஆனால் ஆய்வாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. "படம் தெளிவா?" என்பதைவிட "நோயாளிக்கு என்ன ஆயிற்று?" என்பதே பெரிய கேள்வி என்று கொண்டனர். ஏழாம் நாள் வலி மூன்று பிரிவிலும் ஒரே அளவு. கடுமையான பாதிப்புகள் முறையே 12.4, 10.8, 11.2 விழுக்காடு, பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆறு மாதத்தில் பெற்ற கதிரோ 10.1, 9.3, 17.2 மில்லிசீவர்ட். தெளிவான படம் வேறு, நல்ல சிகிச்சை வேறு என்று எண்களால் காட்டியதே இவ்வாய்வின் சிறப்பு.

நிதானிக்க வேண்டிய இடங்கள்

முதலாவது, படுக்கையருகில் கேளா ஒலியில் தொடங்கியவர்களில் சுமார் 41 விழுக்காட்டினருக்கும், கதிரியல் துறையில் தொடங்கியவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் பின்னர் சி.டி. எடுக்க வேண்டியிருந்தது. "கேளா ஒலியில் தொடங்கு, தேவையானால் சி.டி.க்குச் செல்" என்பதே ஆய்வின் முடிவு. "சி.டி. வேண்டாம்" என்று அது சொல்லவில்லை.

இரண்டாவது, வேறொரு பெரிய நோயைத் தவறவிட்டதால் விளைந்த கேடுகள் மொத்தமே 11. பிரிவுவாரியாக 6, 3, 2. கைகர் எண்ணியோடு பழகிய மாணவர்கள் அறிவார்கள்: எண்ணிக்கை சிறிதானால் தற்செயலான ஏற்ற இறக்கம் பெரிது. 6-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடும். ஆகவே வேறுபாடு உண்டு எனச் சொல்ல முடியாது. அறவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

மூன்றாவது, கர்ப்பிணிகள், மிகப் பருமனானவர்கள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், வேறு கொடிய நோய் இருக்கலாம் என மருத்துவர் வலுவாக ஐயுற்றவர்கள் ஆகியோர் ஆய்வில் இல்லை. அவர்களுக்கு இம்முடிவு அப்படியே பொருந்தாது.

நான்காவது, கதிரைக் குறைத்து எடுக்கும் சி.டி. முறை இன்று உண்டு. 4 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவாகவே கல்லைக் காட்டிவிடும். அம்முறையோடு ஒப்பிட்டால் கேளா ஒலியின் ஆதாயம் சுருங்கும்.

நம் ஊருக்கு வரும்போது

என் முக்கியமான விமர்சனம் ஆய்வின்மீது அன்று. அதை அப்படியே இங்கே கொண்டுவருவதன்மீது. கேளா ஒலிக் கருவி தானே படமெடுப்பதில்லை. கையில் பிடித்து, சாய்த்து, அழுத்தித் தேடும் மருத்துவர் வேண்டும். சி.டி.யை ஒரு தொழில்நுட்பர் எடுத்து, படத்தை எங்கோ உள்ள மருத்துவருக்கு அனுப்பி அறிக்கை பெறலாம். கை இல்லாத இரவில் சி.டி. முந்திக்கொள்வதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. பெண் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கேளா ஒலிக் கருவியும் அது இருக்கும் இடமும் பதிவு செய்யப்பட வேண்டும். இயக்குபவர் உரிய தகுதி பெற்றிருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி விதிகள் 2014-இல் வகுக்கப்பட்டன. உசிலம்பட்டிக்கு அருகில் வாழும் நாம் இச்சட்டம் ஏன் வந்தது என்று கேட்கத் தேவையில்லை, அது வேண்டும். அதற்குள் நின்றுகொண்டே அவசர சிகிச்சை மருத்துவர்களுக்குப் பயிற்சியும் பதிவும் கிடைக்கச் செய்வதே செய்யத்தக்கது. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இத்தகைய பயிற்சிக்கு மாவட்டக் கல்லூரிகளே ஏற்ற இடம்.

வாசகர்களே, வலி வந்தால் முதலில் வேண்டியது வலி நீக்கும் மருந்து. காய்ச்சலும் குளிரும் சேர்ந்திருந்தால், சிறுநீர் வராவிட்டால், ஒரே சிறுநீரகம் உள்ளவரானால், வயதானவருக்கு முதன்முறையாக இவ்வலி வந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது, மருத்துவர் சி.டி. என்றால் மறுக்கவும் கூடாது. மற்றவர்கள் பணிவாக மூன்று கேள்விகள் கேட்கலாம். இது எந்த ஸ்கேன்? கேளா ஒலியில் தொடங்கலாமா? சி.டி.தான் என்றால் கதிரைக் குறைத்து எடுக்க முடியுமா? பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்துக் கையோடு கொண்டு செல்லுங்கள். அவற்றைப் பார்த்தே மருத்துவர் இன்னொரு சி.டி.யைத் தவிர்த்துவிடக்கூடும்.