சிதைவு என்ற சொல்லும் இருபது வருடக் கணக்கும்

'பத்தி முடியறதுக்குள்ள முதல் வரி போயிடுது தோழர்.' காதில் குரல்கள் கேட்பது அடங்கிப் பல வருடங்களான நண்பர் ஒருவர் சொன்னது இது. கதை எழுதியவர். பைத்தியத்தை அறிவதிகாரத்துக்கு எதிரான கலகமாக வாசித்துப் பழகிய நம்மிடம் இதற்குப் பதில் இல்லை. 1972இல் தெலூஸும் கத்தாரியும் 'ஸ்கிஸோ'வை முதலாளியத்தை மீறும் இயக்கத்தின் பெயராக்கினார்கள். அது மருத்துவமனையில் கிடக்கும் நோயாளி அல்ல என்று அவர்களே பிரித்துச் சொன்னதை நாம் சௌகரியமாக மறந்துவிட்டோம்.

மருத்துவச் சொல்லாடல் மட்டும் யோக்கியமா? 1890களில் க்ரெபலின் இந்நோயை 'இளவயது அறிவழிவு' என்றழைத்தபோது முடிவையும் பெயருக்குள்ளேயே எழுதிவிட்டார். எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை என்று கண்ட ப்ளாய்லர் 1908இல் அதை 'ஸ்கிஸோஃப்ரினியா' ஆக்கினார். 'மனம் பிளந்த நோய்' என்ற பெயரை ஜப்பான் 2002இல் கைவிட்டது. நாம் இன்னும் 'மனச்சிதைவு' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அப்படின்னா சிதைவே இல்லையா? சரிவு இருக்கிறது. நியூயார்க்கின் சஃபோக் மாவட்டத்தில் 1989இல் தொடங்கிய ஆய்வு, உளப்பிறழ்வுக்காக முதல்முறை மருத்துவமனையில் சேர்ந்தவர்களை இருபது வருடம் பின்தொடர்ந்தது. 2020இல் வெளிவந்த அதன் கணக்கில், பெரும்பாலான அறிதிறன் சோதனைகளில் சரிவு. ஸ்கிஸோஃப்ரினியாவில் மட்டுமல்ல, பிற உளப்பிறழ்வு நோய்களிலும். சரிவோடு சேர்ந்தே வேலையும் கைநழுவுகிறது.

ஆனால் இது சராசரி, தனிமனிதனின் ஜாதகமல்ல. எல்லாவற்றையும் நோயின் தலையில் கட்டிவிடவும் முடியாது. கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் என்று மருந்துச்சீட்டில் கூடவே வருகிற ட்ரைஹெக்ஸிஃபெனிடில் நினைவை மழுங்கடிக்கக்கூடியது. அது இன்னமும் தேவைதானா என்று மருத்துவரிடம் எத்தனை பேர் கேட்கிறோம்? சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மூளையைச் சும்மா விடுவதில்லை. நினைவுக்கும் கவனத்துக்கும் பயிற்சி உண்டு, ஓரளவு பலனும் உண்டு. அது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

சரிவை மறுப்பது கலகமல்ல, கைகழுவல். விதி என்று ஏற்பதும் அதேதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) மனநோயை வரையறுக்கும்போது நினைவில் ஏற்படும் கோளாறையும் சேர்த்தே சொல்கிறது. சட்டம் கண்டுகொண்டதை நம் விமர்சனம் கண்டுகொள்ளவில்லை.

நண்பர் இப்போது கூட்டங்களுக்கு வருவதில்லை. பேசப்போவதை முந்தின நாளே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவேளை வந்திருப்பார். விளிம்புநிலை பற்றி மூன்று மணிநேரம் பேசினோம். அது நமக்குத் தோன்றவில்லை.