முள்தலைப் புழு

மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் எலியும் கரப்பானும் யாருக்கும் புதிதல்ல. இந்த இரண்டையும் நம்பியே பிழைக்கும் உயிர் ஒன்று உண்டு: மொனிலிஃபார்மிஸ் என்னும் முள்தலைப் புழு. எலிப் புழுக்கையோடு வெளியேறும் முட்டையைக் கரப்பான் தின்னும். அந்தக் கரப்பானை எலி தின்றால் புழு வீடு சேர்ந்துவிடும்.

அதன் தலையை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். நீண்ட துதிக்கை, அதில் வரிசை வரிசையாகப் பின்னோக்கி வளைந்த கொக்கிகள். காலுறையை உட்புறமாகத் திருப்புவதுபோல் அந்தத் துதிக்கையைக் கழுத்துக்குள் இழுத்துக்கொள்ளும். குடல் சுவரில் குத்திப் பிடித்தால் பிடித்ததுதான். வாய் இல்லை, குடலும் இல்லை. எலி செரித்துவைத்ததை மேல்தோலாலேயே உறிஞ்சிக்கொள்ளும். என்ன நேர்த்தி! பெண் புழு 20 செ.மீ.க்கு மேலும் வளரும். ஆண் அதில் பாதிகூட வராது.

உடலில் தெரியும் கணுக்கள் வெறும் தோற்றம்தான். நாடாப்புழு என்று எளிதில் ஏமாறலாம். 1809-இல் விலங்கியலாளர் ருடோல்ஃபி முள்தலைப் புழுக்களைத் தனிக் கூட்டமாக வகுத்தார். மரபணு ஆய்வு வந்தபிறகுதான் நெருங்கிய சொந்தம் யாரென்று தெரிந்தது: குளத்து நீரில் நீந்தும் நுண்ணிய ரோட்டிஃபர்கள். எனக்கு அந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

1888-இல் இத்தாலிய ஆய்வாளர் கலாண்ட்ருச்சியோ மொனிலிஃபார்மிஸின் இளம்புழுக்களைத் தானே விழுங்கி, மனிதக் குடலிலும் இது வளரும் என்று காட்டினார்.