ஆர்.இ.எம். இசைக்குழு: ஒரு மதிப்பீடு

ஆர்.இ.எம். (1980-2011) அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ராக் இசைக்குழு. ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற இசைவகையின் முன்னோடிகளுள் ஒன்று. 31 ஆண்டுகளில் 15 ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டது. மைக்கேல் ஸ்டைப் பாடகர். பீட்டர் பக் கிதார் கலைஞர். மைக் மில்ஸ் பேஸ் கிதார் வாசித்தார். பில் பெர்ரி டிரம்ஸ் வாசித்தார். எல்லாப் பாடல்களும் நால்வரின் பெயரிலேயே வெளிவரும், வருவாயைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒருவர் மறுத்தாலும் ஒரு முடிவை எடுக்கக் கூடாது என்பன குழுவின் விதிகள். 1997-ல் நால்வரில் ஒருவர் விலகினார். அதன் பிறகு எஞ்சியது அதே குழுதானா என்பது ஆர்.இ.எம். பற்றிய விமர்சனங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி.

தோற்றம்

ஏதென்ஸ், ஜார்ஜியா பல்கலைக்கழகம் அமைந்துள்ள சிறுநகரம். அங்கே ஒரு இசைத்தட்டுக் கடையில் பக் வேலை பார்த்தார். ஓவியக்கலை மாணவரான ஸ்டைப் அக்கடைக்கு வாடிக்கையாளராக வந்தார். இருவருக்கும் பிடித்த இசைத்தட்டுகள் ஒன்றாக இருந்ததால் நட்பு உருவானது. மில்ஸும் பெர்ரியும் அதே மாநிலத்தின் மேக்கன் நகரில் பள்ளிக் காலத்திலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். நால்வரும் 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில் முதன்முறையாக மேடையேறினர். குழுவின் பெயரை ஸ்டைப் அகராதியைப் புரட்டித் தேர்ந்தெடுத்தார். உறக்கத்தில் கனவு காணும்போது கண்கள் விரைந்து அசைவதைக் குறிக்கும் அறிவியல் சொல்லின் சுருக்கம் அது.

முதல் பத்தாண்டு

1981-ல் ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ என்ற தனிப்பாடலைச் சிறிய நிறுவனம் ஒன்று வெளியிட்டது. பின்னர் ஐ.ஆர்.எஸ். நிறுவனத்துடன் ஒப்பந்தமாகி, 1983-ல் முதல் ஆல்பமான ‘மர்மர்’ வந்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்த அந்த ஆண்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் விமர்சகர்கள் ‘மர்மர்’ ஆல்பத்தையே ஆண்டின் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தனர்.

அந்த ஆல்பத்தில் ஸ்டைப் பாடும் சொற்கள் பெரும்பாலும் தெளிவாகக் கேட்காது. அவர் முணுமுணுக்கிறார், சொற்களை விழுங்குகிறார். இதைக் குறையாகக் கண்டவர்கள் அன்றும் உண்டு. ஆனால் பாடல் வரியின் பொருளைவிடக் குரலின் நிறம் முதன்மை பெறுவதால், கேட்பவர் தம் பொருளைத் தாமே கண்டுகொள்ள வேண்டியிருந்தது. பக், கிதாரின் தந்திகளைச் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொன்றாக மீட்டினார். நீண்ட தனி ஆவர்த்தனங்களை அவர் வாசிப்பதில்லை. கிதார் விட்டுவைத்த இடத்தில் மில்ஸின் பேஸ் கிதார் மெட்டை ஏந்திச் சென்றது. அவருடைய பின்குரல் ஸ்டைப்பின் குரலுக்கு எதிர்மெட்டாக ஒலித்தது. ஒருவரும் முந்திக்கொண்டு வராத இந்த அமைப்பு, குழுவின் சமபங்கு விதியைச் செவியால் அறியச் செய்தது.

அக்காலத்தில் பெரிய வணிக வானொலிகள் இத்தகைய இசையை ஒலிபரப்பவில்லை. கல்லூரி மாணவர்கள் நடத்திய வானொலி நிலையங்களே ஒலிபரப்பின. குழுவினர் வேனில் ஊர் ஊராகச் சென்று சிறு அரங்குகளில் வாசித்தனர். ஆண்டுக்கு ஒரு ஆல்பம் என்ற வேகத்தில் ‘ரெக்கனிங்’ (1984), ‘ஃபேபிள்ஸ் ஆஃப் த ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ (1985), ‘லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்’ (1986), ‘டாக்குமென்ட்’ (1987) ஆகியவை வந்தன. ‘டாக்குமென்ட்’டில் இடம்பெற்ற ‘த ஒன் ஐ லவ்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. பலர் அதைக் காதலர்க்கு உரிய பாடலாக எடுத்துக்கொண்டனர். உண்மையில் அது பிறரைப் பயன்படுத்திக் கைவிடும் ஒருவரின் கூற்று.

புகழின் உச்சம்

1988-ல் குழு வார்னர் பிரதர்ஸ் என்ற பெருநிறுவனத்துக்கு மாறியது. சிறு நிறுவனத்தில் வளர்ந்த குழு தன் இயல்பை இழந்துவிடும் என்று பழைய ரசிகர்கள் அஞ்சினர். 1991-ல் வந்த ‘அவுட் ஆஃப் டைம்’ அந்த அச்சத்துக்கு விடையானது.

பக் அப்போது மாண்டலின் கற்றுக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி பார்த்தபடியே பயிற்சி செய்து பதிவுசெய்ததில் கிடைத்த ஒரு மெட்டு ‘லூசிங் மை ரிலிஜன்’ ஆனது. வெற்றிப் பாடலுக்கு வேண்டும் என்று வணிக உலகம் கருதும் பல்லவி அதில் இல்லை. முன்னணிக் கருவி மாண்டலின். தலைப்பு, அமெரிக்கத் தென்மாநில வழக்கில் பொறுமை எல்லை கடந்த நிலையைக் குறிக்கும் தொடர், மதத்தைப் பற்றியதன்று. ஒருதலைக் காதலில் அளவுக்கு மீறிப் பேசிவிட்டோமோ என்று மருகும் மனமே பாடலின் பொருள். அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை சென்றது. பஞ்சாபில் பிறந்த தர்சேம் சிங் இதன் காணொளியை இயக்கினார். இந்தியத் திரைப்படங்களின் மிகையுணர்ச்சியும் கடவுள் படங்களின் வண்ணங்களும் ஐரோப்பிய ஓவிய மரபும் அதில் கலந்திருந்தன. அந்த ஆல்பத்துக்கும் காணொளிக்கும் கிராமி விருதுகள் கிடைத்தன.

அடுத்த ஆண்டு ‘ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்’ வந்தது. ஏதென்ஸிலுள்ள ஓர் உணவகத்தின் விளம்பர வாசகமே தலைப்பு. மரணம், மூப்பு, இழப்பு ஆகியவற்றை மெதுவான பாடல்களில் பேசிய இந்த ஆல்பமே குழுவின் சிறந்த படைப்பு எனலாம். தொடக்க காலத்தில் முணுமுணுத்த ஸ்டைப், ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பாடலில் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரித்தார். மனம் உடைந்த இளைஞர் ஒருவருக்கும் சொல் தவறிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். இப்பாடலைப் பெரும்பகுதி உருவாக்கியவர் டிரம்ஸ் கலைஞர் பெர்ரி. ஆனால் பாடலின் தாளத்தைப் பெருமளவுக்கு ஒரு தாள இயந்திரம் தாங்குகிறது. தம் கருவி பின்னே நின்றாலும் பாடல் நன்றாக அமைய வேண்டும் என்று எண்ணியவர் பெர்ரி.

பெர்ரியின் விலகல்

‘மான்ஸ்டர்’ (1994) ஆல்பத்துக்குப் பின் குழு ஆறு ஆண்டுகளில் முதல் பெரும் பயணத்தைத் தொடங்கியது. 1995 மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையில் பெர்ரி மூளை இரத்தநாள வீக்கத்தால் சாய்ந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறி மீண்டும் வாசித்தார். அதே பயணத்தில் மில்ஸுக்கும் ஸ்டைப்புக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. இந்தப் பயணத்தின்போது பெருமளவு பதிவான ‘நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை’ (1996) நால்வரும் சேர்ந்து செய்த கடைசி ஆல்பம்.

1997 அக்டோபரில் பெர்ரி விலகினார். சண்டை எதுவும் இல்லை. தம்மால் குழு கலையும் என்றால் விலகமாட்டேன் என்று அவர் கூறியதால், மூவரும் தொடர்வதாக ஒப்புக்கொண்டனர். ஒருவர் போனால் கலைந்துவிடுவோம் என்று முன்பு சொல்லிவந்த குழு, நண்பருக்கு விடுதலை அளிப்பதற்காகவே அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டது. பெர்ரி வேளாண்மைக்குத் திரும்பினார்.

மூவர் காலம்

‘அப்’ (1998) ஆல்பத்தில் தாள இயந்திரங்களும் கீபோர்டும் மிகுந்தன. பாடல் வரிகள் முதன்முறையாக ஆல்பத்துடன் அச்சிடப்பட்டன. விற்பனை குறைந்தாலும் இழப்பை மறைக்காத நேர்மை அதில் உண்டு. ‘அரவுண்ட் த சன்’ (2004) குழுவின் மிகத் தளர்ந்த ஆல்பம். பாடல்கள் மெருகேறி உயிர் குறைந்தன. பக் உட்படக் குழுவினரே பின்னாளில் அதைக் குறை கூறினர். ‘ஆக்சிலரேட்’ (2008) விரைவும் சுருக்கமும் கொண்டு ஓரளவு மீட்சி தந்தது.

பெர்ரி போன்ற தாளக் கலைஞருக்கு மாற்றாகத் தேர்ந்த கலைஞர்கள் வாசித்தனர். எனவே குறைந்தது தாளத்திறன் அன்று. ‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’ முதலாக மெட்டுகளைத் தந்தவரும், பாடல் நீண்டால் சுருக்கச் சொன்னவருமான நான்காம் பாடலாசிரியரே இல்லாமற்போனார். எல்லாப் பாடலிலும் நான்கு பெயர்கள் இருந்ததால் அவர் பங்கு எவ்வளவு என்பது வெளியே தெரியவில்லை. அவர் விலகிய பிறகே அது தெரிந்தது.

2007-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழு சேர்க்கப்பட்டபோது பெர்ரியும் உடன் வாசித்தார். ‘கொலாப்ஸ் இன்டு நவ்’ (2011) வெளிவந்த ஆண்டின் செப்டம்பர் 21 அன்று, கசப்பின்றிக் குழு கலைந்தது. 2024 ஜூனில் சாங்ரைட்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் நால்வரும் சேர்ந்து ‘லூசிங் மை ரிலிஜன்’ வாசித்தனர்.

மதிப்பீடு

கடைசி ஐந்து ஆல்பங்களை நீக்கிவிட்டாலும் ஆர்.இ.எம். குழுவின் இடம் குறையாது. 1983 முதல் 1996 வரையான பத்து ஆல்பங்களே அதன் சாதனை. நிர்வாணா, பேர்ல் ஜாம், ரேடியோஹெட் போன்ற குழுக்களுக்கு, தம் போக்கை விடாமலும் பெருந்திரளைச் சென்றடைய முடியும் என்று இக்குழு முன்மாதிரி காட்டியது. இசையுலகில் பல குழுக்கள் பெயருக்கும் பணத்துக்கும் வழக்காடிப் பிரிந்துள்ளன. ஆர்.இ.எம். சமபங்கு விதியைத் தொடக்கத்திலேயே வகுத்து, அதனால் முப்பது ஆண்டு நட்பைக் காத்தது. இசையில் ஏற்பட்ட தளர்ச்சியை மறுக்க முடியாது. ஆயினும் நண்பரின் உடல்நலமும் விருப்பமும் குழுவின் புகழைவிட மேலானவை என்று கொண்டதன் விலையாகவே அதைக் காண வேண்டும்.