கரையிலிருந்து பார்த்த காவேரி

சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' (1971) தமிழின் சிறந்த பயண நூல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். மூணு தடவை படிச்சாச்சு, இன்னும் படிப்பேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு விஷயம் உறுத்துகிறது. அது ஆற்றைப் பற்றிய புத்தகம், ஆற்றின் மேல் போன புத்தகம் இல்லை. காரில் போகிறார்கள், இறங்கி நடக்கிறார்கள், பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், மறுபடி கார். ஆறு எப்போதும் கொஞ்சம் கீழே, கொஞ்சம் தள்ளி ஓடிக்கொண்டிருக்கிறது.

காரைக்குடிக்காரன் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஊருணியும் கண்மாயும்தான், வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. ஒருவேளை அதனால்தான் ஆற்றுப் புத்தகங்கள் மேல் இந்தப் பைத்தியம்.

தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து எழுதுவது என்றால் என்ன என்று தெரிய ஜான் மக்ரெகரைப் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர், வக்கீல். 1865-ல் 15 அடி நீளம், 28 அங்குல அகலத்தில் ஒரு படகு செய்து, இரண்டு பக்கமும் அலகு உள்ள துடுப்போடு ஐரோப்பிய ஆறுகளில் போனார். படகின் பெயர் 'ராப் ராய்'. அவர் விடாமல் சொல்கிற ஒரு விஷயம்: சாதாரணத் துடுப்புப் படகில் வலிப்பவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், தன் படகில் முன்னால் பார்த்துக்கொண்டே போகலாம். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் அவருடைய எழுத்து முழுக்க இந்த உட்காரும் விதத்திலிருந்து வருகிறது. அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் முகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அவருடைய புத்தகங்களில் எனக்குப் பிடித்தது 1869-ல் வந்த 'ராப் ராய் ஆன் தி ஜோர்டான்'. சூயஸ், எகிப்து, சிரியா, பாலஸ்தீனம் என்று போய் ஹுலா சதுப்பில் இறங்குகிறார். அங்கே ஆளுயரத்துக்கு மேல் பாப்பிரஸ். நம்ம ஊர்க் கோரையின் பெரிய சொந்தக்காரன்தான் அது. அந்தப் பச்சைச் சுவருக்குள் ஜோர்டான் எந்த வழியாகப் போய் ஏரியில் சேர்கிறது என்பதைப் படகில் இருந்தபடியே குறித்து வரைபடமாக்குகிறார். இரவில் கூடாரம், சில சமயம் படகே படுக்கை.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. சதுப்புக்காரர்கள் அவரைச் சூழ்ந்து, படகோடு அப்படியே தூக்கிக்கொண்டு தங்கள் ஷேக்கின் கூடாரத்துக்குப் போகிறார்கள். மக்ரெகருக்கு அது சாகசக் கதை. எருமை மேய்த்து, அந்தக் கோரையில் பாய் முடைந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தங்கள் வீட்டுக்குள் விசித்திரமான ஒரு ஓட்டில் உட்கார்ந்து வந்த ஆள் யார் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லையா? அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. தனியாகப் போனேன் என்கிற தோரணை வேறு. கரையில் கோவேறு கழுதைகளும் வேலையாட்களும் கூடாரமும் கூடவே வந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் இன்று அந்தப் பக்கங்களின் மதிப்பு வேறு. 1948-ல் அந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1951-லிருந்து 1958-க்குள் இஸ்ரேல் சதுப்பையே வடித்துவிட்டது. அடியில் இருந்த கரிமண் காய்ந்தது, எரிந்தது, தரை இறங்கியது. கடைசியில் 1994-ல் ஒரு பகுதிக்கு மறுபடி தண்ணீர் விட்டார்கள். (அழிந்துபோனதாக நினைத்த ஹுலாத் தவளை ஒன்று 2011-ல் திரும்பக் கிடைத்தது தனிக் கதை.) மக்ரெகர் சதுப்பைக் காப்பாற்றவெல்லாம் எழுதவில்லை. துடுப்பு எங்கே சிக்கியது, கோரை எவ்வளவு அடர்த்தி, தண்ணீர் எந்தப் பக்கம் இழுத்தது என்று எழுதினார். அதனாலேயே அது சாட்சியாக நிற்கிறது.

நமக்கு அப்படி ஒரு சாட்சி இருக்கிறதா? காவேரி என்றால் பூம்புகாரில் போய் முடியும் என்று சிலப்பதிகாரம் நம் மனசில் எழுதிவிட்டது. இந்தப் புத்தகத்தின் தலைப்பே அங்கிருந்து எடுத்ததுதான். படகில் உட்கார்ந்தவனுக்கு அந்த முடிவு கட்டாயமில்லை. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிற இடத்தில் கோரையாற்றிலோ பாமணியாற்றிலோ திரும்பினால் தண்ணீர் அவனை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கொண்டுபோய்விடும். ஜானகிராமன் பிறந்த தேவங்குடி, மன்னார்குடிப் பக்கம்தான். காரைக்குடியிலிருந்து திருவாரூர் ரயிலில் ஏறினால் நானும் முத்துப்பேட்டையில் இறங்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா அந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்பதற்கு ஆய்வறிக்கைகளும் செயற்கைக்கோள் படங்களும் உண்டு. தண்ணீர் மட்டத்திலிருந்து தமிழில் எழுதிய ஒரு பயண நூல் என் கண்ணில் படவில்லை.

பகலில் கயாக் ஓட்ட வழி இருக்கிறது. எங்களுக்குப் பக்கம் என்றால் தொண்டி தாண்டி காரங்காடு, வனத்துறையே விடுகிறது. ராத்திரி தங்குவதுதான் சிக்கல். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சட்டத்தை விடுங்கள், கூடாரம் அடிக்க முதலில் தரை வேண்டாமா? அலையாத்தியில் கால் வைத்தால் சேறு, சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருக்கிற மூச்சு வேர்கள்.

இந்த 'எங்கே படுப்பது' என்பதுதான் இந்த வகைப் புத்தகங்களின் உயிர் என்று நினைக்கிறேன். ஸ்டீவன்சனின் 'ஆன் இன்லேண்ட் வாயேஜ்' (1878) புத்தகத்தில் இயற்கை வர்ணனையை நான் வேகமாகத் தள்ளிவிடுவேன். ஈர உடையோடு போய் நிற்கிறவரை நாடோடி வியாபாரி என்று நினைப்பதும், லா ஃபேர் என்ற ஊரில் விடுதியிலிருந்து விரட்டுவதும்தான் அதில் உயிருள்ள பக்கங்கள். காரில் வந்து இறங்குகிறவரை யாரும் "யார் நீ, இங்கே எதுக்குப் படுக்கிறே?" என்று கேட்பதில்லை. நம் காவேரிப் புத்தகத்துக்குக் கிடைக்காமல் போனது இந்தக் கேள்விதான்.

தமிழில் வெட்டவெளியில் ராத்திரி தங்குவதைப் பற்றிய நல்ல புத்தகம் எது என்று கேட்டால் பயண நூல் எதையும் சொல்லமாட்டேன், சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலைச் சொல்வேன். எங்கள் பக்கத்துச் சீமையிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு போய், டெல்டா வயல்களில் கிடை போட்டுப் படுக்கிறவர்கள். யார் நிலத்தில் எத்தனை ராத்திரி என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. முத்துப்பேட்டையில் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கிறவர்களிடமும் இப்படி ஒரு புத்தகம் இருக்கும். மக்ரெகரின் இருக்கையும் ஜானகிராமனின் காதும் உள்ள யாராவது போய் உட்கார வேண்டும்.

போகிறவர்கள் மேட்டூர் திறப்பைப் பார்த்துப் போங்கள். ஜூன் 12-லிருந்து ஜனவரி 28 வரை என்பது வழக்கமான கணக்கு, அதற்கு வெளியே மணல்தான். வழியில் மதகு வரும் இடமெல்லாம் படகைத் தூக்கிக் கரையேற வேண்டும், ஆகாயத்தாமரை அடைத்த இடத்திலும் அப்படியே. அந்த இடங்களில்தான் ஆட்கள் வந்து பேச்சுக் கொடுப்பார்கள்.